கட்டாத அறைக்கு ஒரு பெஞ்சு

உங்கள் மூக்குக்கண்ணாடி வலது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, சார். காதுக்குப் பின்னால் வளையும் கம்பியை யாரோ அவசரத்தில் வளைத்திருக்கிறார்கள். நேற்றிலிருந்து தலையைச் சாய்த்துக்கொண்டுதான் எழுதுகிறீர்கள். என் கடையாக இருந்திருந்தால் நீங்கள் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் சரிசெய்து கொடுத்திருப்பேன். இங்கே ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவரைக்கூட என் கையில் தரமாட்டீர்கள். அது நியாயம்தான்.

"ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?" என்று நேற்று கேட்டீர்கள். ஒரே வரியில் சொல்ல முடியாதா என்று இன்று கேட்டீர்கள். முடியும். எங்கள் ஊர்ப் பூங்காவில் இருக்கும் படகுச் சவாரியை இடிக்கப் போகிறார்கள். அதைக் காப்பாற்றச் செய்தேன். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் எழுதினால் படிப்பவர்கள் எனக்குப் பைத்தியம் என்பார்கள். நான் நிதானமானவள். என் தொழிலே நிதானம்தான். கண் பரிசோதனைக்கு வருபவருக்கு ஒரு வில்லையைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "முதல்ல போட்டதா, இப்பப் போட்டதா, எது நல்லாத் தெரியுது?" என்று கேட்க வேண்டும். அவசரப்படுத்தினால் பொய் சொல்லிவிடுவார்கள். தலை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எதையும் அறிய முடியாது என்பது அதில் நான் கற்ற பாடம்.

அதனால் முதலில் அந்த ஐந்து பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஒரே நிறுவனம் ஐந்து நாடுகளில் ஐந்து பூங்காக்கள் கட்டியிருக்கிறது. விளம்பரத்தில் 'சகோதரப் பூங்காக்கள்' என்று போடுவார்கள். ரசிகர்கள் அப்படிச் சொல்வதில்லை. மூத்தவள், இரண்டாமவள், நடுவுள்ளவள், நாலாமவள், கடைக்குட்டி என்போம். எங்கள் ஊரில் இருப்பவள் கடைக்குட்டி.

இது என் வீட்டில் யாருக்கும் புரிந்ததில்லை. "ஒரே அச்சுல வார்த்த பூங்காவை அஞ்சு ஊர் போய்ப் பார்க்கணுமாக்கா? ஒண்ணையே அஞ்சு தடவை பார்த்தா ஆகாதா?" என்பான் என் தம்பி. அவன் மனைவிக்கு வாய் இன்னும் கொஞ்சம் நீளம். "அண்ணிக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தாக்கூட அஞ்சு பேரை வரிசையா நிக்கவச்சு, முதல்ல பார்த்தவரா, இப்பப் பார்த்தவரான்னுதான் கேட்டிருப்பாங்க" என்றாள் ஒருநாள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு அவர்கள் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். அவர்களும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஐந்து பூங்காவிலும் உள்ள சவாரிக்குப் பெயர் 'தூங்கும் ஊர்'. கால்வாயில் படகு மெல்லப் போகும். இரண்டு கரையிலும் ஒரு சின்ன ஊர், ஊரெல்லாம் பொம்மைகள், பொம்மைகள் எல்லாம் தூக்கத்தில். ரொட்டிக் கடைக்காரர் மாவு மூட்டைமேல் சாய்ந்து குறட்டை விடுவார். தொப்பை ஏறி இறங்கும். தபால்காரர் சைக்கிளைப் பிடித்தபடியே தூங்குவார். பள்ளிக்கூடம் வாத்தியாரோடு சேர்ந்து தூங்கும். கடைசி அறைக்குள் படகு நுழைந்ததும் மணி அடிக்கும். எல்லா ஜன்னல்களும் ஒரே நேரத்தில் திறக்கும். ஊர் முழுக்க விழித்துக்கொண்டு நம்மைப் பார்த்துக் கையசைக்கும். அவ்வளவுதான் சவாரி. இப்போதெல்லாம் குழந்தைகள் அதில் கொட்டாவி விடுகிறார்கள் என்று நிர்வாகம் குறை சொன்னது. தூங்கும் ஊரில் கொட்டாவி விடாமல் வேறென்ன செய்வது.

ஒரே சவாரிதான். ஆனால் ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்கும் முகம் வேறு, குணம் வேறு. மூத்தவளின் கால்வாய்த் தண்ணீருக்குப் பழைய செப்புப் பாத்திரத்தின் வாசனை உண்டு. படகு திருப்பங்களில் சுவரை லேசாக உரசும். இரண்டாமவளிடம் எல்லாமே பெரிது. கூரை அத்தனை உயரத்தில் இருப்பதால் அதன் கீழே பொம்மைகள் அனாதைகளாகத் தெரியும். நடுவுள்ளவள் குளிர் நாட்டுக்காரி. அங்கே எல்லாருக்கும் கம்பளித் தொப்பி. ரொட்டிக் கடை வாசலில் வேறு எங்கும் இல்லாத ஒரு நாய். நாலாமவளை நான் இன்னும் பார்க்கவில்லை. இடம் போதாமல் அங்கே கால்வாயைத் திருப்பிப் போட்டிருக்கிறார்களாம். மற்ற நான்கிலும் இடது கரையில் இருப்பவர்கள் அங்கே வலது கரையில். நிலைக்கண்ணாடியில் நம் முகத்தையே பார்ப்பதுபோல் இருக்கும் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

கடைக்குட்டியிடம் ஒரு குறை உண்டு. அக்காமார் நால்வரிடமும் பள்ளிக்கூடத்துக்கும் கடைசி அறைக்கும் நடுவில் ஒரு படகுத்துறை அறை இருக்கிறது. இங்கே கட்டி வரும்போது கைவசம் இருந்த பணம் தீர்ந்துவிட்டதாம். அந்த இடத்தைச் சுற்றிக் கறுப்புத் துணியைக் கட்டி அப்படியே விட்டுவிட்டார்கள். பொம்மை இல்லை, விளக்கு இல்லை. உடைப்பதற்கு எதுவும் இல்லாததால் கேமராவும் இல்லை. நீரோட்டமும் அங்கே தளர்ந்துவிடும். படகு நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாது. ரசிகர்கள் அதைக் 'கட்டாத அறை' என்போம். நாலு அக்காமாரும் நகை போட்டுக்கொண்டு நிற்கிற இடத்தில் வெறும் கழுத்தோடு நிற்கிற தங்கைபோல எனக்கு அதைக் கண்டால் ஒரு பாசம்.

மூத்தவளைப் பார்க்க முதல் தடவை தனியாகத்தான் போனேன். அம்மா இறந்துபோன வருடம் அது. படுக்கையில் கிடந்த அம்மாவை நான்தான் பார்த்துக்கொண்டேன். அம்மா போனபிறகு வீட்டில் எனக்குச் செய்வதற்கு எதுவும் மிஞ்சவில்லை. படகில் ஒரு பலகைக்கு இருவர். என் பக்கத்தில் கைப்பையை வைத்துக்கொண்டேன். படகுத்துறை அறையில் ஒரு பெஞ்சில், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு ஒரு கிழவர் பொம்மை தூங்கிக்கொண்டிருந்தது. கடைசி அறையில் மணி அடித்து ஊரே கையசைத்தபோது நான் திரும்பிப் பார்த்தேன். வளைவுக்கு அப்பால் அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. இத்தனை பேர் இருக்கிற ஊரில் அவரை எழுப்ப ஒருவருமில்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. இறங்கி மறுபடி வரிசையில் நின்றேன். அன்று முழுக்க அப்படித்தான் போயிற்று. மற்றவர்கள் கையசைத்த மனிதர்களைப் பார்த்தார்கள். நான் அவரைப் பார்த்தேன்.

ரொட்டிக்காரியை இங்கே, கடைக்குட்டியின் வரிசையில்தான் சந்தித்தேன். உங்கள் தாள்களில் அவளுடைய சொந்தப் பெயர் இருக்கிறது. எனக்கு அவள் ரொட்டிக்காரி. ரொட்டிக் கடை வந்ததும் பொம்மையோடு போட்டி போட்டுக் குறட்டை விட்டுக் காட்டுவாள். அதனால் நான் வைத்த பெயர். என்னைவிட இருபது வயது சின்னவள். விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் அலுவலகத்தில் வேலை. அன்றைக்கு அவளும் தனியாக வந்திருந்தாள். ஆட்களை ஏற்றி இறக்குபவரை நாங்கள் படகுத்துறை அண்ணன் என்போம். அவர்தான், "ரெண்டு பேரும் ஒத்தையாத்தானே நிக்கிறீங்க? ஒரே படகுல ஏறிக்கோங்களேன், எனக்கு ஒரு படகு மிச்சம்" என்றார். ஏறினோம். கட்டாத அறை வந்தபோது அவள் கை என் கையைத் தேடிப் பிடித்தது.

"பயமா இருக்கா?" என்றேன்.

"இல்லக்கா. பக்கத்துல யாராவது இருக்காங்களான்னு பார்த்தேன்."

அதன்பிறகு வாரத்தில் ஒரு மதியம் எங்களுடையது. என் பிளாஸ்கில் காபி, அவள் பையில் பிஸ்கட். அவளுக்கு எந்த மாதம் எந்த ஊருக்கு டிக்கெட் மலிவு என்று விரல்நுனியில் தெரியும். சேர்ந்து மூத்தவளிடம் போனோம். இரண்டாமவளிடம் போனோம். குளிர் நாட்டில் விடுதி ஹீட்டர் மூச்சை விட்டுவிட, இரண்டு கம்பளியையும் ஒன்றாகப் போட்டு அடியில் சுருண்டுகொண்டு, நாய் எதற்கு அங்கே மட்டும் இருக்கிறது என்று விடியும்வரை பேசினோம். "நீங்க இல்லன்னா நான் நாயையே பார்த்திருக்கமாட்டேன்க்கா" என்றாள். அப்படி ஒரு வார்த்தையை என்னிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அஞ்சையும் சேர்ந்தே பார்த்து முடிக்கணும் என்பதும் அவள் சொன்னதுதான். நான் கேட்டு வாங்கியதில்லை. பாக்கி இருந்தது நாலாமவள் மட்டும்.

இப்போது பெஞ்சுக்கு வருகிறேன். நீங்கள் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள்.

நாங்கள் சேர்ந்து மூத்தவளிடம் போவதற்குக் கொஞ்சநாள் முன்பு ரசிகர்களிடையே ஒரு செய்தி பரவியது. அந்தச் சவாரிக்கு வாரம் தவறாமல் வரும் ஒரு பெரியவர் ஓடும் படகிலேயே இறந்துவிட்டாராம். அங்கேயும் சவாரியை இடிக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்ததாம். ஒரு உயிர் பிரிந்த இடம் என்பதால் நிறுவனம் அந்தப் பேச்சையே விட்டுவிட்டு, அவர் நினைவாகப் படகுத்துறை அறையில் ஒரு பெஞ்சும் அதில் ஒரு கிழவர் பொம்மையும் வைத்ததாம். நாங்கள் போனபோது ரொட்டிக்காரி, "அதோ, அவர்தான்க்கா" என்று எழுந்து நின்று மரியாதை செய்தாள். படகு ஆடியது. நானும் எழுந்து நின்றேன்.

போன மழைக்காலத் தொடக்கத்தில் கடைக்குட்டியின் வாசலில் பலகை வைத்தார்கள். தூங்கும் ஊர் இருக்கும் இடத்தில் தலைகீழாகச் சுழலும் ரயில் ஒன்று வரப்போகிறது என்று படம் போட்டிருந்தது. திரும்பி வரும் பேருந்தில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்னைச் சிரிக்கவைக்கத்தான் அவள் சொன்னாள்.

"அக்கா, நம்ம படகைக் காப்பாத்த ஒரே வழிதான் இருக்கு. யாராவது உள்ள போய்ப் பொட்டுன்னு போயிடணும்."

"யாரு போறது?"

"சீனியாரிட்டிப்படி நீங்கதான்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். யோசனை அவளுடையது, சார். இதை நேற்றே சொன்னேன், தாளில் வரவில்லை. தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த மாதமே அவள் என் கடைக்கு ஒருவரை அழைத்துவந்தாள். அவளோடு வேலை செய்பவர். நெடுநாளாகப் பதிலுக்குக் காத்திருந்தவர் என்பதால் அவருக்கு 'வெயிட்டிங் லிஸ்ட்' என்று பெயர் வைத்திருந்தாள். என்னிடம் அவரைப் பற்றிக் கேலியாகத்தான் சொல்வாள். அன்று வாசலில் நின்றபடியே, "அக்கா, வெயிட்டிங் லிஸ்ட் கன்ஃபர்ம் ஆயிடுச்சு" என்றாள். அவரும் வெட்கத்தோடு சிரித்தார். நல்ல மனிதர்தான். உட்காரவைத்துக் கண் பார்த்தேன். முதல்ல போட்டதா, இப்பப் போட்டதா என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குக்கா" என்றார். வில்லையை மாற்றினேன். "இதுவும் ஒண்ணாத்தான் இருக்கு." எத்தனை மாற்றினாலும் அதே பதில். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இவரை வச்சுக்கிட்டு நான் என்னக்கா பண்றது?" என்றாள். அந்தக் கேள்வியை நான் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவருக்குக் கொடுத்த கண்ணாடியில் இடது கண்ணுக்கான பவரைச் சற்றே மாற்றிவைத்தேன். பார்வை போகாது. தலை வலிக்கும். அதுவும் குற்றத்தில் சேரும் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் வேறு கடையில் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

சில நாள் கழித்து அவள் மட்டும் வந்தாள். கடையில் ஆளில்லை.

"அக்கா, நாலாவதுக்கு நான் வரலக்கா. அந்த லீவுல நாங்க மலைக்குப் போறோம்."

"சரி. அடுத்த வருஷம் போவோம்."

"அடுத்த வருஷம் இந்த ஊர்லயே இருப்போமான்னு தெரியல. அவருக்கு மாத்தல் வரும் போலிருக்கு." கொஞ்சநேரம் கவுன்டர்மேல் இருந்த துணியை மடித்து மடித்துப் பிரித்தாள். "கோவமாக்கா?"

"எனக்கென்ன கோவம்?"

"நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. யோசிச்சுப் பார்த்தா எல்லாம் ஒண்ணுதானேக்கா? ஒண்ணைப் பார்த்தா அஞ்சையும் பார்த்த மாதிரிதான். நாமதான் சும்மா நாய் இருக்கு, தொப்பி இருக்குன்னு பேசிக்கிட்டிருந்தோம்."

நான் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து துடைத்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

இதுதான் காரணம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். இல்லை. கல்யாணம் ஆகிற பெண் நாலு வார்த்தை யோசிக்காமல் பேசுவாள். அதையெல்லாம் யாராவது மனதில் வைத்துக்கொள்வார்களா? சவாரியைக் காப்பாற்ற வேண்டும், அதற்கு ஒரு வழி இருக்கிறது, அதில் ஒருவர் தேவை. காரணம் அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் அவள் என்று கேட்டீர்கள். வேறு யாரைக் கேட்பது? முன்பின் தெரியாத ஒருவருக்கு அதைச் செய்தால் அது கொலையாகிவிடும். நானே போயிருக்கலாம் என்றும் சொன்னீர்கள். அதையும் உட்கார்ந்து யோசித்தேன். நான் போனால் எனக்கு ஒரு பெஞ்சு வைப்பார்கள். சரி, அதை வந்து பார்ப்பது யார்? அவள் மலையில் இருப்பாள். வெயிட்டிங் லிஸ்டுக்கு எந்தப் பெஞ்சும் ஒரே பெஞ்சுதான். அவள் போனால் நான் வாரந்தோறும் வருவேன். அவளைத் தனியாக விடமாட்டேன். இரண்டு வில்லையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் இதுதான் தெளிவாகத் தெரிந்தது.

அவள் மலைக்குப் போகுமுன் கடைசியாக ஒருதடவை படகில் போவோமா என்று கேட்டேன். உடனே வந்தாள். மழை மதியம். பூங்காவில் ஈ காக்கை இல்லை. வழக்கம்போல் வரிசையில் நின்றபடி பிளாஸ்கைத் திறந்தேன். அம்மா போனபிறகு எனக்குத் தூக்கம் வராமல் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகள் அதில் கரைந்திருந்தன. "சக்கரை போட மறந்துட்டீங்களாக்கா? கசக்குது" என்றாள். "மறந்துட்டேன்" என்றேன். இருந்தாலும் மிச்சம் வைக்காமல் குடித்தாள். மற்றவர் மனம் நோகக்கூடாது என்று நினைக்கிற பெண்.

ரொட்டிக் கடை வந்ததும் எப்போதும்போல் குறட்டை விட்டுக் காட்டினாள். தபால்காரரைத் தாண்டியும் அந்தக் குறட்டை நிற்கவில்லை.

கட்டாத அறையில் என் சால்வையை மடித்து அவள் முகத்தில் வைத்து, தலையை என் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மூத்தவளிடமோ இரண்டாமவளிடமோ இது முடிந்திருக்காது. அங்கெல்லாம் அந்த இடத்தில் விளக்கு இருக்கிறது. பூங்காக்களுக்குள் வித்தியாசம் இல்லை என்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கலாம். நடுவில் ஒருமுறை அவள் கை எழுந்து என் கையைத் தேடியது. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்திருப்பாள். இருந்தேன். கொடுத்தேன்.

கடைசி அறையில் மணி அடித்தது. ஜன்னல்கள் திறந்தன. ஊரே விழித்து எங்களைப் பார்த்துக் கையசைத்தது. இருவர் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் மட்டும் பதிலுக்கு அசைத்தால் நன்றாக இருக்காது. அவள் கையை மணிக்கட்டில் பிடித்து நானே அசைத்தேன்.

துறையில் படகுத்துறை அண்ணன் நின்றுகொண்டிருந்தார். "என்னம்மா, தங்கச்சி ஊரோட சேர்ந்து தூங்கிடுச்சா?" என்றார்.

"ஆமாண்ணே. எழுப்ப மனசு வரல. இன்னொரு ரவுண்டு விடுங்களேன்."

"கூட்டமா என்ன இருக்கு, இதைப் போய்க் கேட்டுக்கிட்டு? போங்க போங்க" என்று படகைக் காலால் தள்ளிவிட்டார். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகச் சொன்னீர்கள். பாவம், அவர்மேல் தவறு ஏதுமில்லை.

இரண்டாம் சுற்று முடிந்தபிறகுதான், இவள் எழுந்திருக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். ஓடினார்கள், தூக்கினார்கள், ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். பூங்கா மேலாளர் மழையில் நனைந்தபடி வந்தார். சின்ன வயதுக்காரர், யாருக்கு முதலில் போன் செய்வது என்று தெரியாமல் நின்றார். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். கட்டாத அறையில் பெஞ்சு போட்டால் இடது கரையில் போடுங்கள், மூத்தவளிடமும் அங்கேதான் இருக்கிறது; பொம்மைக்கு அவளுடையதைப் போலவே பச்சைச் செருப்பு போடுங்கள், மடியில் பிஸ்கட் பையை வையுங்கள் என்றேன். அவர் என்னையே பார்த்தார். டாக்டர் அப்போது இன்னும் வந்துசேரவில்லை. அவள் பிழைப்பாளா மாட்டாளா என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்தது பிரேதப் பரிசோதனை இல்லை, இந்தப் பேச்சுதான் என்றீர்கள். இருக்கட்டும். சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லாவிட்டால் பிறகு வலது கரையில் போட்டுவிட்டு, இனி மாற்ற முடியாது என்பார்கள்.

இன்று காலை நீங்கள் சொன்னதற்கு வருகிறேன். மூத்தவளின் நிர்வாகத்தில் விசாரித்தீர்களாம். அந்தப் பெரியவர் இறந்தது உண்மைதானாம். ஆனால் படகில் அல்ல, தன் வீட்டுக் கட்டிலில். அங்கே சவாரியை இடிக்கும் திட்டம் எப்போதும் இருந்ததில்லையாம். பெஞ்சும் கிழவர் பொம்மையும் சவாரி திறந்த முதல் நாளிலிருந்தே அங்கே இருக்கின்றனவாம். மற்றதெல்லாம் ரசிகர்கள் கை கால் வைத்துக் கட்டிய கதை.

அதோடு விட்டிருக்கலாம். நீங்கள் நான் சொன்னதையே எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அம்மா இறந்துபோன வருடம் தனியாகப் போனபோது அந்தக் கிழவர் பொம்மையைப் பார்த்தேன் என்று நேற்றும் சொல்லியிருக்கிறேன். பெரியவர் இறந்த செய்தி வந்தது அதற்குப் பல வருடம் கழித்து. "அப்ப அந்தப் பொம்மை அவர் நினைவா வச்சதில்லன்னு உங்களுக்கு ஆரம்பத்துல இருந்தே தெரியும். யாரு செத்தாலும் சவாரி பிழைக்காதுன்னும் தெரியும். நாய் எங்க இருக்கு, செருப்பு என்ன கலர்னு பார்க்குற ஆளும்மா நீங்க" என்றீர்கள்.

இதற்கு நான் இரண்டு மணிநேரமாகப் பதில் யோசித்தேன். எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. தப்பான வில்லையை நெடுநாள் போட்டவருக்கு அதுதான் சரியான உலகம். சரியானதைப் போட்டுவிட்டால் தலை சுற்றுகிறது, தரை சாய்கிறது என்று சண்டைக்கு வருவார்கள். படகில் ரொட்டிக்காரி எழுந்து நின்று, 'அதோ, அவர்தான்' என்றபோது அவள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தப் பொம்மை முன்பிருந்தே அங்கே இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவள் உட்கார்ந்திருப்பாள். நான் சொல்லவில்லை. பிறகு அது எனக்கும் மறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தேதான் செய்தேன் என்று நீங்கள் எழுதினாலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அவளைக் கொன்றது நான்தான். அதில் நமக்குள் வழக்கில்லை.

சவாரிக்குப் போலீஸ் வைத்த சீலைப் பிரித்ததும் பொம்மைகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள் என்றும் சொன்னீர்கள். ரொட்டிக் கடைக்காரரைக் கழற்றும்போது தொப்பையில் பிடிக்கக்கூடாது. உள்ளே காற்றுப்பை இருக்கிறது. கட்டாத அறையில் அவர்களுக்குக் கழற்றுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

ஒன்றை மட்டும் நீங்கள் தவறாக எழுதியிருக்கிறீர்கள். திருத்தினால் கையெழுத்துப் போடுகிறேன். சாவை மறைப்பதற்காக, நேரம் கடத்துவதற்காக நான் இரண்டாம் சுற்றுப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்காக இல்லை. அவளிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. முதல் சுற்றில் கேட்க முடியவில்லை.

கட்டாத அறை வந்தது. அவள் தலை என் தோளில் இருந்தது, கை என் கையில். அவசரப்படுத்தாமல் கேட்டேன். "முதல்ல போனதா, இப்பப் போறதா, எது நல்லா இருக்கு? இல்ல, எல்லாம் ஒண்ணுதானா?" படகு நின்றதுபோல் இருந்தது. நான் காத்திருந்தேன். பதிலுக்கு வேண்டிய நேரத்தை அவளுக்குக் கொடுத்தேன்.

ஒன்றுதான் என்று அவள் சொல்லவில்லை, சார். இனி அவள் மலைக்குப் போகமாட்டாள். எல்லாம் ஒன்றல்ல என்றால், நாலாமவளைப் பார்க்க என்னோடு வந்திருப்பாள்.